வேம்புக்கு வைத்த பொட்டு

அத்தியாயம் 5

கொலையானது ஒரு வேப்பமரம் என்று கேள்விப்பட்டதும் மதன்குமார் கேட்ட முதல் கேள்வி, பிரேதப் பரிசோதனைக்கு ஆம்புலன்ஸ் போதுமா, கிரேன் சொல்ல வேண்டுமா என்பதுதான். சென்னியம்மாள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த லோகப்பிரியாவும் சிரிக்கவில்லை. ஆக மொத்தம் அந்த ஜோக்கை ரசித்த ஒரே ஜீவன் மதன்குமார்தான். அது அவனுக்குப் பழகிப்போன விஷயம்.

கோயமுத்தூர் திருச்சி ரோட்டில் ஒரு பேக்கரியின் மாடியில் இருக்கிறது சென்னியம்மாளின் துப்பறியும் நிலையம். முக்கால்வாசிப் பிழைப்பு கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா, காங்கேயத்தில் இருப்பதாகச் சொன்ன எண்ணெய் மில் நிஜமாகவே அவருடையதா, இல்லை அதன் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டதோடு சரியா என்கிற மாதிரி சமாசாரங்கள். இப்படியே பல வருஷம் ஓட்டியதில் மனிதர்கள் எந்த இடத்தில் பொய் சொல்வார்கள் என்பது அந்த அம்மாளுக்கு அத்துப்படி. மதன்குமார் அவளுடைய உதவியாளன். சட்டக் கல்லூரியில் ஒரே ஒரு பேப்பரை மட்டும் பாக்கி வைத்துவிட்டு, முப்பது தாண்டியும் அதைப் பற்றிக் கவலைப்படாதவன். வாய் மட்டும் எந்த கோர்ட்டிலும் நிற்கும்.

லோகப்பிரியாவின் தொழில் என்னவென்று அவனுக்கு விளங்குவதற்குள் ஒரு டீ ஆறிப்போய்விட்டது. அவள் மரங்களுக்கு டாக்டர். மேட்டுப்பாளையத்தில் வனவியல் படித்தவள். வீடோ கடையோ கட்டும் இடத்தில் பெரிய மரம் நின்றால் அதை வெட்டலாமா கூடாதா என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி உண்டு. கமிட்டிக்காரர்களுக்கு வேம்புக்கும் புங்கனுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதனால் லோகப்பிரியா போய்ப் பார்ப்பாள். மரச்சுத்தியலால் அடிமரத்தைத் தட்டுவாள், பட்டையைக் கீறுவாள், வேரையும் சாய்வையும் பார்ப்பாள். திடமாக இருக்கிறது என்று அவள் கையெழுத்துப் போட்டால் மரம் அசையாது, கட்டடம்தான் அசைய வேண்டும்.

பாப்பநாயக்கன்பாளையத்தில் ஒரு பழைய பங்களா. மில் குடும்பத்துக்காரரான பாலகோபால் அங்கே அடுக்குமாடி கட்டப்போகிறார். முகப்பில் நட்டநடுவே ஒரு பெரிய வேம்பு. தை மாதம் லோகப்பிரியா பார்த்து, அருமையான மரம், இன்னும் ஒரு தலைமுறை நிற்கும் என்று எழுதிக்கொடுத்தாள். கட்டட வரைபடத்தை மாற்றி வரைந்தார்கள். இப்போது ஆனி. மேல்காற்று அடித்து ஊரிலுள்ள வேம்பெல்லாம் பச்சைக் குடை பிடித்து நிற்கிற நேரம். இந்த வேம்பு மட்டும் தீயில் காட்டிய மாதிரி கருகி நிற்கிறது.

வேம்புகளுக்கு வருகிற நுனிக்கருகல் நோயை அவள் கவனிக்காமல் விட்டாள், இல்லையென்றால் யாரிடமோ காசு வாங்கிக்கொண்டு எழுதினாள் என்று கமிட்டிக்குப் புகார் போயிருந்தது. இன்று மதியம் அதிகாரி நேரில் வந்து பார்க்கிறார். மரம் செத்தது என்று ஆகிவிட்டால் அவள் கையெழுத்து இனிமேல் செல்லாது. அதோடு நின்றாலும் பரவாயில்லை. பல்லடம் ரோட்டை அகலப்படுத்த வெட்டவிருந்த புளியமரங்களும் அவள் அறிக்கையால்தான் தப்பித்து நிற்கின்றன. அந்த அறிக்கையும் குப்பைக்குப் போகும்.

"என் பேரு போனாக்கூடப் பரவால்லீங்க, அந்த மரமெல்லாம் என் கையெழுத்துலதான் நிக்குதுங்க" என்றவள், கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளதைச் சொன்னாள். "பேரும் போகக்கூடாதுங்க."

நோய் என்றால் கிளை நுனியில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், இது ஒரேயடியாகப் பாதி மரத்தைப் பிடித்திருக்கிறது, யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள் என்பது அவளுடைய வாதம். கிட்டே போய்ப் பார்க்கலாமே என்றால் அங்கேதான் தகராறு. பங்குனி வாக்கில் அந்த மரம் அம்மனாகிவிட்டது. பக்கத்து வீட்டு ரங்கராஜ் மரம் காப்போம் குழு என்று ஒன்றை ஆரம்பித்து, மஞ்சள் துணி கட்டி, வெள்ளிக்கிழமை பூசையும் போட்டுவிட்டார். சுத்தியலோடு போன லோகப்பிரியாவைப் பெண்கள் சூழ்ந்துகொண்டு, சாமியைத் தட்டிப் பார்க்க நீ யார் என்று துரத்திவிட்டார்கள்.

சென்னியம்மாள் கேட்ட ஒரே கேள்வி, தேங்காய் பழத்தோடு போனால் துரத்துவார்களா என்பதுதான்.

அரைமணி நேரத்தில் தாம்பாளமும் கையுமாக மதன்குமார் அந்த வேம்பின் முன்னால் நின்றான். பூத்தட்டு தூக்குவதற்கா சட்டம் படித்தோம் என்று ஒரு கணம் வருத்தப்பட்டான். பிறகு, முழுசாகப் படிக்கவில்லை என்பது ஞாபகம் வந்து சமாதானமானான். மரத்தின் தெருப்பக்கம் பித்தளைக் கண்கள் பதித்து, மஞ்சள் துணி சுற்றி, சூலம் நட்டிருந்தார்கள். மேலே பார்த்தால் பரிதாபம். பின்பக்கக் கிளைகள் மொட்டை. முன்பக்கம் மட்டும் மஞ்சளடித்த நாலு கொத்து ஒட்டிக்கொண்டிருந்தது.

ரங்கராஜ் ஓடிவந்து வரவேற்றார். அறுபது வயதிருக்கும். பம்பு மோட்டாருக்கு உதிரிபாகம் செய்த பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்வாக இருப்பவர். செருப்பை அங்கேயே விட்டு வரும்படி மதன்குமாரிடம் பணிவாகக் கேட்டுக்கொண்டு, அம்மனைக் கொன்றது யார் என்பதையும் அதே பணிவோடு சொன்னார். "எல்லாம் இந்தப் பாலகோபால் பண்ணுன வேலைங்க. ராத்திரியோட ராத்திரியா என்னமோ ஊத்திப்போட்டாருங்க." கொலைகாரருக்கும் 'ங்க' போடுகிற ஊர் இது ஒன்றுதான் என்று மதன்குமார் மனசுக்குள் மெச்சிக்கொண்டான்.

பேச்சோடு பேச்சாகத் தன் வீட்டையும் காட்டினார். பங்களா இடத்துக்குக் கிழக்கே, மதில் ஒட்டி நின்றது வீடு. சித்திரை வெயிலிலும் ஃபேன் போடாத வீடாம். மேற்கு ஜன்னலைத் திறந்தால் பாலக்காட்டுக் காற்று நடு ஹாலில் வந்து படுத்துக்கொள்ளுமாம். அவர் மனைவி ராமாமணி வாசலிலிருந்தே கும்பிட்டு, காபி குடிக்கிறீர்களா என்று கேட்டாள். ரங்கராஜ், மதியம் வரும் அதிகாரிக்கு நாற்காலி எடுத்துப் போட வேண்டும் என்று உள்ளே போனார்.

சென்னியம்மாள் மரத்தைச் சுற்ற ஆரம்பித்தாள். முதல் சுற்று பக்தி மாதிரி இருந்தது. இரண்டாவது சுற்றில் நடை மெதுவானது. மூன்றாவது சுற்றில் மரத்தின் பின்னால் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"மதனு, சாமிக்குப் பொட்டு எங்க வெப்பாங்க?"

"நெத்தியிலங்க அக்கா."

"முழங்காலுக்கு வெப்பாங்களா?"

அவன் குனிந்து பார்த்தான். முன்பக்கம் நெற்றிக்கு நேராக ஒரு பெரிய பொட்டு இருந்தது சரிதான். ஆனால் பக்கவாட்டிலும் பின்னாலும் முழங்கால் உயரத்தில் வரிசையாக, மஞ்சள் மேல் குங்குமம் வைத்து, சின்னச் சின்னப் பொட்டுகள். மூட்டுவலிக்கு நேர்ந்துகொண்ட அம்மனாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தான். சென்னியம்மாள் அதற்குள் கொண்டை ஊசியை உருவி ஒரு பொட்டை நெம்பிவிட்டாள். மஞ்சளுக்கு அடியில் மெழுகு. மெழுகுக்கு அடியில் விரல் நுழைகிற ஓட்டை. அதிலிருந்து, பருத்திக் காட்டில் களைக்கொல்லி அடித்த மறுநாள் வருகிற நாற்றம் வந்தது. ஒவ்வொரு பொட்டுக்குப் பின்னாலும் டிரில் போட்டு மருந்து ஊற்றி, மூடி, மேலே குங்குமம் வைத்திருக்கிறார்கள். பூசை போடும் பெண்கள் வாராவாரம் அதையும் சேர்த்துத்தான் கும்பிட்டிருக்கிறார்கள்.

  மதன்குமாரின் கண் வேர்ச் சந்துக்குப் போனது.

"அக்கா, அம்மன் கஞ்சாப் பொட்டலம் விக்கறாங்க போலிருக்குதுங்க."

பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள். விளக்கு மாடத்துக்குப் பின்னால் குவிந்து கிடந்தன. பிரித்தவை பாதி, பிரிக்காதவை பாதி. பிரித்தவற்றில் காய்ந்த செவ்வரளி. இதைப் பார்த்ததும் அவனுக்கே புரிந்துவிட்டது. பூக் கேட்டிருக்கிறார்கள். கொங்கு நாட்டில் பெண் எடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் சாமியிடம் இப்படி ஒரு வார்த்தை கேட்பது உண்டு. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. மதன்குமாரின் தங்கை கல்யாணமே இப்படித்தான் முடிவானது. மாப்பிள்ளையோடு பழகிய பிறகு அவனுக்கு அந்த முறைமேல் நம்பிக்கை போய்விட்டது.

சென்னியம்மாள் மண்ணில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கேட்டவருக்கு அம்மன் ஒவ்வொரு தடவையும் சிவப்புதான் கொடுத்திருந்தாள். பிரிக்காமல் விட்ட ஜோடிப் பொட்டலத்தில் வெள்ளை பத்திரமாக இருந்தது. நல்ல காரியத்துக்குப் பூக் கேட்பவர்கள் சிவப்பு வந்தால் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவர் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார். எப்படியும் செய்யத்தான் போகிறோம், சாமி தலையாட்டினால் மனசுக்கு நிம்மதி என்று நினைக்கிற ஆள்.

குவியலின் மேலே கிடந்த கடைசிப் பொட்டலத்தில் மட்டும் வெள்ளைப் பூ வந்திருந்தது. அதன் ஜோடியை மதன்குமார் பிரித்தான். அதிலும் வெள்ளை.

"கள்ள ஓட்டுங்க" என்றான்.

சென்னியம்மாள் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "அம்மனைக் கொல்றதுக்கு அம்மங்கிட்டயே உத்தரவு கேட்டு, அதுலயும் ஏமாத்தியிருக்கறாங்க பாரு" என்று ஒரு பொட்டலத்தை முகர்ந்து பார்த்தாள். கிரீஸ் வாசனை. பேரிங் சுற்றி வருகிற எண்ணெய்க் காகிதம் அது. கோயமுத்தூரில் அதை வைத்து ஆளைப் பிடிப்பதென்றால் பாதி ஊரைப் பிடிக்க வேண்டும். மில் வைத்திருந்த பாலகோபாலிடம் இருக்கும், பட்டறை வைத்திருந்தவர்கள் எல்லாரிடமும் இருக்கும்.

மதன்குமாருக்குச் சந்தேகமே இல்லை. மரம் போனால் லாபம் யாருக்கு? பாலகோபாலுக்கு. அவனாக இருந்தால் இந்நேரம் விலங்கை எடுத்திருப்பான். விலங்கு இல்லாததால் சென்னியம்மாளின் பின்னால் பங்களாவுக்குள் போனான்.

பாலகோபால் வெள்ளைச் சட்டையும் முன்கோபமுமாக இருந்தார். மரம் விஷயம் என்றதும், ஊரெல்லாம் தன்னைத்தான் சொல்கிறது என்று ஒரு மூச்சு கத்தினார். அப்புறம் மேஜைமேல் இருந்த வண்ணத் தாளை எடுத்து அவர்கள் முன் போட்டார். 'வேம்பு விஹார்' என்று பெயர் போட்டு, அந்த மரம்தான் பக்கம் முழுக்க நின்றது. மஞ்சள் துணி, பித்தளைக் கண் எல்லாம் பளிச்சென்று இருந்தன.

"எனக்குச் சாமி பூதமெல்லாம் கெடையாதுங்க. ஆனா சாமி இருக்கற எடத்துக்கு வெலை எச்சுங்க" என்றார் கூசாமல். வாசலில் அம்மன் இருக்கிறாள் என்றுதான் பாதி வீட்டுக்கு முன்பணம் வந்திருந்தது. இப்போது மரம் கருகியதும் அந்த ஆட்கள் சகுனம் சரியில்லை என்று பின்வாங்குகிறார்கள். வரைபடத்தை மாற்றிக் கட்டடத்தைக் கிழக்கே தள்ளிப் போட்டபோது வருத்தமாகத்தான் இருந்ததாம். இப்போது லோகப்பிரியாவுக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றுகிறதாம். கோயில் என்ற வார்த்தை தன் வாயில் வந்ததை நினைத்து அவரே முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் மதன்குமார் தன் குற்றவாளியைக் கைநழுவவிட்ட துக்கத்தில் இருந்தான். சென்னியம்மாள் கட்டடம் வரப்போகிற இடத்தில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டின் மேல் நடந்து போய், ஓரிடத்தில் மேற்கே பார்த்து நின்றாள். காற்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது. அவள் காற்று வாங்குகிறாள் என்றுதான் அவன் நினைத்தான்.

பேக்கரியில் தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே, ஆள் யாரென்று தெரிந்துவிட்டதா என்று கேட்டான். தெரிந்து என்ன பிரயோஜனம் என்றாள் அவள். ஓட்டையை யார் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம், காகிதம் யாரிடம் வேண்டுமானாலும் இருக்கலாம், கேட்டால் இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். கல்யாண விசாரணையில் அவள் மாப்பிள்ளையிடம் எதையும் கேட்பதில்லை. மாப்பிள்ளை யாருக்காக உயிரை விடுவானோ அந்த ஆளை நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பாள்.

"ஒரே மாதிரி ரெண்டு பித்தளைச் சொம்பு, கொஞ்சம் மஞ்சப்பொடி, ஒரு வயர்கூடை. வாங்கிட்டு வந்துரு" என்றாள். எதற்கு என்று அவன் கேட்டதற்கு, கூடையை நீதான் தூக்க வேண்டும் என்பது மட்டும் பதிலாக வந்தது.

மதியம் அதிகாரி வந்தார். கோப்பும் களைப்புமாக இருந்த அவர், மரத்தை அண்ணாந்து பார்த்ததும் செத்துவிட்டது என்று எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார். லோகப்பிரியா மரச்சுத்தியலைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றாள். அவளை யாரும் கிட்டே வரச்சொல்லவில்லை. தெருக்காரர்கள் கூடியிருந்தார்கள், பாலகோபால் மதிலோரம் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். ரங்கராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனிமேல் வெட்டுவதைத் தவிர வழியில்லை, அம்மன் போய்விட்டாள் என்று தழுதழுத்த குரலில் சொன்னார்.

அப்போதுதான் சென்னியம்மாள் முன்னால் வந்தாள். வெட்டுவதானால் வெட்டட்டும், ஆனால் அம்மனை வெறும் வாயோடு அனுப்பக்கூடாது, கடைசியாக எல்லாரும் ஒரு வாய் தீர்த்தம் வாங்கிக்கொள்ளலாம் என்றாள். யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. மதன்குமாரின் கூடையிலிருந்து ஒரு சொம்பை எடுத்து, மரத்தைச் சுற்றிவந்து, முழங்கால் உயரத்துப் பொட்டுகள் மேல் எல்லாரும் பார்க்கத் தண்ணீரை ஊற்றினாள். மஞ்சளும் குங்குமமும் கரைந்து வழிந்ததைத் தாம்பாளத்தில் பிடித்துச் சொம்பில் ஊற்றிக்கொண்டாள். சொம்பு கூடைக்குள் போனது. கூடைக்குள்ளிருந்து சொம்பு வந்தது. போனதுதான் வந்ததா, வேறொன்று வந்ததா என்பதை மதன்குமார் கவனிக்கத் தவறிவிட்டான். முதல் உத்தரணித் தீர்த்தம் அவன் கையில் விழுந்தபோதுதான் அது எவ்வளவு பெரிய தவறு என்று உறைத்தது.

"அக்கா, நான் இன்சூரன்ஸ்கூட எடுக்கலீங்க" என்று முணுமுணுத்தான்.

"குடி கண்ணு."

கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். மஞ்சள் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. விஷம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது என்பதால் அதில் ஆறுதல் எதுவும் இல்லை. அதிகாரி குடித்தார். சாமி இல்லாத பாலகோபாலும், தாகம் தாகம்தான் என்று கையை நீட்டி வாங்கிக் குடித்தார். ரங்கராஜ் மட்டும் காலையிலிருந்து வயிறு சரியில்லை என்று பின்வாங்கினார். வற்புறுத்தாமல் சென்னியம்மாள் அடுத்த ஆளிடம் நகர்ந்தாள். அடுத்த ஆள் ராமாமணி. அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கையைக் குவித்து, வாங்கிய தீர்த்தத்தைக் கண்ணில் ஒற்றி, வாய்க்குக் கொண்டுபோனாள்.

ரங்கராஜ் பாய்ந்துவந்து அவள் கையைத் தட்டிவிட்டார்.

"குடிக்காதே ராமா. துப்பிரு, உள்ள போயிருந்தாத் துப்பிரு" என்று அவள் தாடையைப் பிடித்து உலுக்கினார். அறுபது வயதுக்காரர் நடுத்தெருவில் அழுதுகொண்டிருந்தார். தீர்த்தம் குடித்த பாதித் தெரு தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"அம்மன் தீர்த்தத்தை ஏனுங்க தட்டி உட்டீங்க?" என்று சென்னியம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

 அவள் கூடையிலிருந்து இன்னொரு சொம்பை எடுத்து அதிகாரியின் மூக்குக்கு நேரே நீட்டினாள். பொட்டு கழுவிய தண்ணீர் அதில்தான் இருந்தது. குடித்ததெல்லாம் பேக்கரிக் குழாய்த் தண்ணீரும் மஞ்சள் பொடியும் என்று அறிவித்தாள். தெரு முழுக்க ஒரே பெருமூச்சு. மதன்குமாரின் பெருமூச்சு எல்லாவற்றையும் விட நீளம்.

பிறகு பொட்டுகளின் ரகசியத்தை நெம்பிக் காட்டி, நடந்ததைச் சொன்னாள். கட்டடமே வரக்கூடாது என்றுதான் ரங்கராஜ் மரத்தைச் சாமியாக்கினார். சாமி இருந்தால் பாலகோபால் பயந்து ஓடிவிடுவார் என்று கணக்கு. பாலகோபாலோ சாமியை விளம்பரத்தில் போட்டுவிட்டார். மரத்துக்கு இடம்விட்டுக் கிழக்கே தள்ளிய கட்டடம், வரைபடப்படி நேராக ரங்கராஜின் மேற்கு ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றது. பாலக்காட்டுக் காற்று இனி ஒரு பொட்டுகூட வராது. மரம் போனால் கட்டடம் பழைய இடத்துக்குப் போய்விடும். ஆனால் தானே சாமியாக்கிய மரத்தை வெட்டு என்று எந்த வாயால் சொல்வது? அதனால்தான் டிரில், மெழுகு, பொட்டு, கமிட்டிக்குப் புகார் எல்லாம்.

"ராமாவுக்கு வீசிங்குங்க. அந்தக் காத்து இல்லீன்னா அவளுக்கு ஆகாதுங்க" என்றார் ரங்கராஜ். அவ்வளவுதான் சொன்னார். ராமாமணி அவரைப் பார்த்த பார்வையில் கோபம்தான் இருந்தது, கோபம் மட்டும்தானா என்று மதன்குமாரால் சொல்ல முடியவில்லை.

அதிகாரி கோப்பை மூடினார். லோகப்பிரியா தை மாதம் எழுதியது சரிதான், விஷம் வைத்ததை நோய் என்று நினைத்தது தங்கள் தவறு, ரங்கராஜ் மேல் போலீசில் புகார் போகும் என்றார். எல்லாம் நல்லபடியாக முடிந்த தோரணையில், எப்படியிருந்தாலும் மரம் செத்தது செத்ததுதான், வெட்ட உத்தரவு போட்டுவிடுகிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார். நியாயமாகத்தான் தெரிந்தது. லோகப்பிரியாவின் பெயர் தப்பித்தது, புளியமரங்கள் தப்பித்தன, அவள் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அவள் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தின் கிட்டே வந்தாள். இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை. பின்பக்கம் தட்டினாள், பட்டையைக் கீறினாள். பழுப்பு. பக்கவாட்டிலும் பழுப்பு. முன்பக்கம் வந்து, ராமாமணியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மஞ்சள் துணியை அவிழ்த்தாள். துணிக்குப் பின்னால் ஒரு ஓட்டைகூட இல்லை. பூவில் ஏமாற்றத் துணிந்த மனுஷனுக்கு அம்மனின் முகத்துக்கு நேராக டிரில் பிடிக்கக் கை வரவில்லை. அங்கே கீறியபோது பட்டைக்கு அடியில் ஈரமான பச்சை வந்தது.

"பாதி மரம் உசுரோட இருக்குதுங்க" என்றாள். 

அதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. பாதி மரத்தை எந்தப் பத்தியில் எழுதுவது? பின்பக்கத்தை வெட்டி எடுத்து, முட்டுக்கொடுத்து, வருஷா வருஷம் பார்த்துக்கொண்டால் நிற்கும் என்றாள் அவள். நிற்காவிட்டால் என்று அவர் கேட்டார். ஒரு ஆடிக் காற்றில் சாய்ந்து யார் தலையிலாவது விழுந்தால், இன்றைக்குத் தப்பித்த கையெழுத்து அன்றைக்கு ஒரேயடியாகப் போய்விடும், யோசித்துக்கொள் என்று நல்லதற்குத்தான் சொன்னார். செத்தது என்று எழுதினால் யாருக்கும் வம்பில்லை. ரங்கராஜும் கையெடுத்துக் கும்பிட்டு அதையே கேட்டார்.

லோகப்பிரியா கொஞ்ச நேரம் கீறின இடத்திலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு பயந்திருந்தாள் என்பது பக்கத்தில் நின்ற மதன்குமாருக்குத் தெரிந்தது, அவள் மூச்சே சரியாக வரவில்லை. அப்புறம் அவன் முதுகைத் திருப்பச் சொல்லி, அதன்மேல் தாளை வைத்து எழுதினாள். மரம் உயிரோடு இருக்கிறது. வெட்டக்கூடாது. கையெழுத்துப் போட்டுவிட்டு, மதிலோரம் போய் உட்கார்ந்து சத்தமாக அழுதாள். மூக்கைச் சிந்தினாள். அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற வெட்கமெல்லாம் அவளுக்கு இல்லை.

யார் தேற்றுவது என்று தெரியாமல் எல்லாரும் நின்றபோது ராமாமணி வந்து அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். இந்தப் பெண் போட்ட கையெழுத்தால் காற்று நின்றுபோகப்போவது அவளுக்குத்தான். அதைப் பற்றி அவள் பேசவில்லை.

"இதுக்கு என்ன வைத்தியம் பண்ணோணும் கண்ணு? சொல்லு, நான் பாத்துக்கறேன்."

மருந்தெல்லாம் வேண்டாம், ஓட்டைகளைக் கழுவிவிட்டு, முன்பக்க வேருக்குக் காலையில் ஒருமுறை தண்ணீர் விட்டால் போதும் என்று லோகப்பிரியா விக்கலுக்கு நடுவே சொன்னாள். ராமாமணி தலையாட்டினாள். ரங்கராஜ், எந்த ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்று அதிகாரியிடம் பணிவாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க" என்று கூப்பிட்டாள் ராமாமணி. "ஸ்டேஷனுக்கு அப்பறம் போய்க்கலாம். ஊட்டுக்குள்ள போயி ஹோஸ் பைப்பை எடுத்துட்டு வாங்க."

ரங்கராஜ் போய் எடுத்துவந்தார்.